அஷ்தார்த்தின் பாவாடை ஓரம்

ராஸ் எல்-மில்ஹ் ஊருக்கு அவசரமாக ஒரு தேவதை தேவைப்பட்டது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தது. மின்சாரம் எப்போது வரும் என்பது மின்சாரத்துக்கே தெரியாது. குப்பை கடற்கரையோரம் மலையாகி, அதன் உச்சியில் ஆடுகூட மேய ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் பொறுக்கும், தேவதை பொறுக்காது என்று நகராட்சித் தலைவர் நஸ்ரி முடிவு செய்துவிட்டார்.

எல்லாம் எட்மோனால் வந்தது. அவருடைய தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு பிரேசிலுக்குக் கப்பலேறியவர். பேரன் அங்கே உள்ளாடைத் தொழிற்சாலை வைத்துப் பெரிய ஆளாகி, அறுபது வயதில் ஒரு குழாயில் எச்சில் துப்பி ஏதோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மூவாயிரம் வருடம் முன்பு இந்தக் கரையோரம் வாழ்ந்த பீனிசியரின் ரத்தம் தொண்ணூற்றொரு விழுக்காடு என்று பதில் வந்தது. மீதி ஒன்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த விமானத்தில் ஊருக்கு வந்து, மண்ணை முத்தமிட்டு, கடலோர ரவுண்டானாவில் பீனிசியர் வணங்கிய அஷ்தார்த் தேவிக்குக் கண்ணாடியில் சிலை வைப்பது தன் பொறுப்பு என்று அறிவித்தார்.

"எழுத்தைக் கண்டுபிடிச்சதும் நாமதான், கண்ணாடியைக் கண்டுபிடிச்சதும் நாமதான்!" என்று நஸ்ரி மைக்கில் முழங்கினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அதைக் கண்டுபிடித்தது வேறு யாரோ.

ஊரில் கண்ணாடிச் சிற்பம் செய்யத் தெரிந்தவள் ரிந்தாலா ஒருத்திதான். பெய்ரூத்திலும் பிரான்சின் மார்செய்யிலும் அவள் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா சுஆத் ஏழு தலைமுறையாக இந்த ஊர்க்காரி. அப்பா ஷஹாத்தா எகிப்தின் தம்யாத்திலிருந்து இங்கே கண்ணாடி உலையில் வேலைக்கு வந்தவர். சுஆதைப் பார்த்தார், திரும்பிப் போக மறந்தார். இந்த மண்ணில்தான் புதைந்திருக்கிறார். ஆனாலும் அந்த நாட்டுச் சட்டம் கறார். ஒரு தாய் தன் மகளுக்கு மூக்கைக் கொடுக்கலாம், முட்டிவலியைக் கொடுக்கலாம், முன்கோபத்தைக்கூடக் கொடுக்கலாம். குடியுரிமையை மட்டும் கொடுக்க முடியாது. அதற்கு அப்பன் வேண்டும், அவன் உள்ளூர் அப்பனாக வேண்டும்.

ஆகவே, பிறந்து வளர்ந்த ஊரில் ரிந்தாலா 'மரியாதை வசிப்பு அனுமதி' என்ற ஒரு தாளில் குடியிருந்தாள். தாள் காலாவதியாகும்போதெல்லாம் ஊரில் சான்றிதழ் எழுதித் தரும் அதிகாரியான முக்தாரிடம் போய் நிற்க வேண்டும். இவள் இன்ன நாட்டுக்காரி, இன்ன வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று அவர் எழுதித் தருவார். முக்தார் வேறு யாருமில்லை, சுஆதின் உடன்பிறந்த அண்ணன் தவ்ஃபீக். தாய்மாமன் அவளுக்குச் செய்த சீர் அதுதான், இவள் அந்நியள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது.

ஊரார் 'ரயீஸ்' என்று கூப்பிடும் தலைவர் நஸ்ரி அவளுடைய பட்டறைக்கு வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரயீஸ், சிலைக்குக் கீழ வைக்கிற பலகையில என் பேரு இருக்கணும்."

"அட பைத்தியமே, இதையெல்லாம் கேட்கணுமா? என் ரெண்டு கண்ணு மேல வெச்சுச் செய்றேன்" என்று நஸ்ரி தன் கண்களைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்களின் மேல் ஏற்கெனவே கழிவுநீர்க் கால்வாய், பள்ளிக்கூடக் கூரை, மீன்சந்தை எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. பாவம், அந்தக் கண்கள் இன்னும் திறந்திருந்ததே அதிசயம்.

ரிந்தாலா எட்டு மாதம் உழைத்தாள். ஊர் குடித்துப் போட்ட பீர் பாட்டில்களை உருக்கிப் பச்சையும் பழுப்புமாக உடல் வார்த்தாள். அரக் என்ற சாராய பாட்டிலிலிருந்து கைகளும் முகமும் தெளிந்து வந்தன. செத்துப்போன ஜெனரேட்டர்களின் செம்புக் கம்பி கூந்தலாயிற்று. கிழிந்த மீன்வலையில் பாவாடை, அதில் ஊதாச் சாயம் எடுக்கும் சங்குகள், பாதத்துக்கு ஆலிவ் வேர். இரண்டு ஆள் உயரம். வெயில் பட்டால் தேவி உள்ளிருந்து எரிந்தாள். தன் கை இதைச் செய்ததா என்று ரிந்தாலாவே சில நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டாள்.

நகராட்சி உறுப்பினர்கள் பதினொரு பேரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் மார்பை மூட வேண்டும் என்றார். இன்னொருவர், மூடினால் வரலாற்றுக்கு அவமானம் என்றார். மூன்றாமவர், தேவியின் கையில் நாட்டுக் கொடியிலுள்ள தேவதாரு மரம் ஒன்று கொடுத்தால் தேசபக்தி கூடும் என்றார். நான்காமவர், தேவியின் முகம் ஏதோ ஒரு கட்சிப் பக்கம் திரும்பியிருப்பதாகச் சந்தேகப்பட்டார். எட்மோன் மட்டும் நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க அத்தை மூக்கு மாதிரியே இருக்கு" என்று கண் கலங்கினார். அது சுஆதின் மூக்கு.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பலகை வந்தது. பளிங்கில் பொன்னெழுத்து. முதலில் யாருடைய ஆசியில், அப்புறம் யாருடைய முன்னிலையில், அப்புறம் எட்மோன், நஸ்ரி, பதினொரு உறுப்பினர்கள், கூடவே போன குளிர்காலத்திலேயே இறந்துவிட்ட பன்னிரண்டாமவர். விளக்கு மாட்டிய ஒப்பந்தக்காரர் பெயர்கூட இருந்தது. கடைசி வரி இப்படி: 'நம் மண்ணின் மைந்தர்களின் கைவண்ணம்.'

ரிந்தாலா நேரே நகராட்சிக்குப் போனாள். நஸ்ரியோடு தவ்ஃபீக் மாமாவும் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு எங்க, ரயீஸ்?"

"உட்காரு கண்ணு. காபி குடி."

"என் பேரு எங்க?"

"யோசிச்சுப் பாரு. பீனிசிய தேவி, பீனிசிய மண்ணு, பீனிசிய ரத்தம்னு பேசிட்டு, கீழ 'ரிந்தாலா ஷஹாத்தா'ன்னு போட்டா என்ன ஆகும்? ஷஹாத்தான்னு பார்த்ததும் எகிப்துக்காரின்னு குழந்தைக்கும் தெரியும். நம்ம தேவியைச் செய்ய நம்ம ஊர்ல ஆளே இல்லையான்னு பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

"சரி, அம்மா பேரைப் போடுங்க. ரிந்தாலா, சுஆத் மகள்னு."

தவ்ஃபீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அது எப்படிடீம்மா? எங்க வம்சப் பேரு ஆம்பளை வழியாத்தான் போகும். நாளைக்கு நீ சொத்துல பங்கு கேட்டா?"

"நான் எப்ப மாமா பங்கு கேட்டேன்?"

"கேட்கலை. கேட்டுட்டா? முக்தாரா இருந்துக்கிட்டு நானே சட்டத்தை மீறலாமா? கோவிச்சுக்காதடீ. நீ எங்க வீட்டுப் பொண்ணு. ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரிந்த ஒன்று ஊரின் பலகைக்கு மட்டும் தெரியக் கூடாது. இவ்வளவு நாள் தாளில் மட்டுமே தான் அந்நியள் என்று ரிந்தாலா நினைத்திருந்தாள். இப்போது பளிங்கிலும் அப்படியே. காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

வீட்டில் சுஆத் கிப்பே உருண்டைக்கு இறைச்சி பிசைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம்மா, அந்தச் சிலையைத் தூக்கிக் கடல்ல போடு. மீனாவது பார்க்கும்" என்றாள். இறைச்சியை ஓர் அடி அடித்தாள். அடி அண்ணனுக்குரியது என்பது பார்த்தாலே தெரிந்தது.

ரிந்தாலா கடலில் போடவில்லை. சுற்றுலாக் கடையில் ஒரு சாவிக்கொத்து வாங்கினாள். அதில் தகரப் பட்டையில் பீனிசிய எழுத்து இருபத்திரண்டும் பக்கத்தில் அரபு எழுத்தோடு அச்சாகியிருந்தன. ஊரில் எல்லோர் சட்டைப்பையிலும் அந்தச் சாவிக்கொத்து உண்டு. அதை யாரும் படித்ததில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் வாசகம் ஒன்றை ஊதாக் கண்ணாடியில் கெட்டியான எழுத்துகளாக வார்த்து, ஒரு செம்புப் பட்டையில் பதித்து, தேவியின் பாவாடை ஓரத்தில் முழுச் சுற்றாகப் பொருத்தினாள்.

நஸ்ரி பார்த்துச் சொக்கிப்போனார். "என்ன கண்ணு இது?"

"அந்தக் காலத்துக் கல்லுல எழுதற மாதிரி, ரயீஸ்."

"துதிப் பாட்டா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"நம்ம எழுத்து! பார்க்கறப்பவே ரத்தம் சூடாகுது. உள்ளுக்குள்ள என்னமோ புரியுது பாரு" என்று விரலால் தடவித் தடவிப் படித்தார். இடமிருந்து வலமாகத் தடவினார். எழுத்து வலமிருந்து இடம் ஓடுவது.

திறப்பு விழாவன்று ஊரே கூடியது. மேளம் வந்தது, கத்தி சுழற்றுகிறவர்கள் வந்தார்கள், எட்மோன் வெள்ளைக் கோட்டில் வந்தார். ரிந்தாலா நஸ்ரியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"ரயீஸ், துப்பாக்கி மட்டும் வேண்டாம். அது கண்ணாடி."

"நான் என்ன தேவியையா சுடப்போறேன்? வானத்துல சுடுவோம். தேவி தரையில இருக்கா. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அந்த ஊரில் கல்யாணத்துக்குச் சுடுவார்கள், பிள்ளை பிறந்தால் சுடுவார்கள், பையன் பரீட்சையில் தேறினால் சுடுவார்கள், தேறாவிட்டால் ஆறுதலுக்குச் சுடுவார்கள். மேலே போன குண்டு மேலேயே தங்கிவிடும் என்பது அவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. திரை விலகியது. வெயில் தேவியின் உடலுக்குள் இறங்கியது, கூட்டம் ஒரு கணம் வாயடைத்து நின்றது. அந்த ஒரு கணம் ரிந்தாலாவுக்குச் சொந்தமானது. உடனே நஸ்ரியின் மச்சான்கள் நால்வர் வானத்தை நோக்கித் தடதடவென்று சுட்டார்கள்.

குண்டு ஒன்று ஆற அமர இறங்கி வந்து தேவியின் தோளில் உட்கார்ந்தது. 'டிக்' என்று சின்னச் சத்தம். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு கோடு ஓடியது. பிறகு எட்டு மாதமும் ஒரே மூச்சில் தரையில் கொட்டியது.

கண்ணாடி உடைந்தால் அங்கே யாரும் 'அய்யோ' என்பதில்லை. வந்த தீங்கைக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று கணக்கு. ஒரு சாலைக்கு எந்தப் பக்கம் நடைபாதை போடுவது என்பதிலேயே ஆறு வருடம் ஒத்துப்போகாத பதினொரு உறுப்பினர்களும், எல்லா மதத்துப் பெரியவர்களும், மேளக்காரர்களும், சுட்டவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"கேடு உடைஞ்சுது!"

ஊரின் ஒற்றுமையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்க முடிந்தது. ரிந்தாலா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். தவ்ஃபீக் மாமா வந்து தலையைத் தடவி, "விடுடீம்மா. கேடு உடைஞ்சுது. உன் பேரு அதுல இல்லாததும் நல்லதாப் போச்சு" என்றார். ஆறுதல் சொல்வதில் அவருக்கு நிகர் அவர்தான்.

நொறுங்கிய குவியலைக் கூட்டியபோது அடியில் செம்புப் பட்டை முழுசாகக் கிடந்தது. கெட்டியாக வார்த்த எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. எட்மோன் முழங்காலிட்டு அதைத் தூக்கிப் பிடித்தார். "மூவாயிரம் வருஷமா அழியாத எழுத்து! இன்னிக்கும் அழியலை!" என்று கதறினார். அந்த எழுத்துக்கு வயது பத்தொன்பது நாள்.

அதன்பின் ஊருக்குப் பித்துப் பிடித்தது. பட்டையை வெறும் பீடத்தின் மேல் வைத்தார்கள். நஸ்ரி அதை நகராட்சிச் சின்னமாகத் தீர்மானம் போட்டார், பதினொரு பேரும் கை தூக்கினார்கள். கடிதத் தாளின் தலைப்பில் அது ஏறியது. குப்பை வண்டியின் இருபுறமும் ஏறியது. ரப்பர் முத்திரையாகி, ஊதா மையோடு முக்தார் மேசைக்கும் போனது. எட்மோன் பிரேசிலுக்குப் போய் வலது புஜத்தில் முழு வரியையும் பச்சை குத்திக்கொண்டு, படம் எடுத்து அனுப்பினார். கீழே 'என் முன்னோரின் குரல்' என்று எழுதியிருந்தார்.

படத்தை ரிந்தாலா அம்மாவிடம் காட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அன்றுதான் காதில் சொன்னாள். சுஆத் சிரித்த சிரிப்பில் மாவுச் சட்டி கவிழ்ந்தது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மார்ச் மாதம் வசிப்பு அனுமதி காலாவதியாயிற்று. ரிந்தாலா, மாமா முக்தார் வேலையும் பார்க்கும் அவருடைய கடைக்குப் போனாள். தவ்ஃபீக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, சத்தமாகப் படித்தபடியே எழுதினார்: "பெயர், ரிந்தாலா ஷஹாத்தா. நாடு, எகிப்து. இவர் அந்நியர், எங்கள் ஊரில் தங்கியிருக்கிறார் என்று சான்றளிக்கிறேன்." பிறகு புது முத்திரையை மையில் ஒற்றி, கையொப்பத்தின் மேல் முழு பலத்தோடு அழுத்தினார்.

ரிந்தாலா தாளை வாங்கினாள். ஊதா எழுத்தை வலமிருந்து இடமாக, நிதானமாகப் படித்தாள். 'நான் ரிந்தாலா, சுஆதின் மகள், ராஸ் எல்-மில்ஹ் ஊர்க்காரி. இதைச் செய்தவள் நான். இந்தப் பெயரை அழிப்பவன் வீட்டில் விளக்கு எரியாமல் போகட்டும்.'

"தெளிவா விழுந்திருக்கா?" என்றார் மாமா.

"தெளிவா விழுந்திருக்கு. இன்னும் ரெண்டு பிரதி போட்டுத் தாங்க மாமா."

"ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அம்மாவுக்கு."

"உங்கம்மாவுக்கு எதுக்குடீ சான்றிதழ்? அவ இந்த ஊர்க்காரியாச்சே!"

"ஆமா மாமா" என்றாள் ரிந்தாலா. "நல்லா அழுத்திக் குத்துங்க."