வெள்ளிக்கிழமை நிலை

சுவிட்சைப் போட்டால் ரம்பம் சுற்றவில்லை. மேசைக்கடியில் மோட்டார் மட்டும், எழுப்பப்பட்ட சோம்பேறி போல ஊம்மென்று முனகியது. ஜெயபாண்டி அதை அணைத்துவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்தான்.

சமயநல்லூரில், வீட்டை ஒட்டித் தகரம் போட்ட இடம்தான் அவன் தச்சுப் பட்டறை. நல்லகாமன் இறக்கிவிட்டுப் போன வேம்பு அப்படியே கிடந்தது. சோழவந்தானில் அவர் தோட்டத்தில் நின்ற மரம். ஒரு வருஷம் காயவைத்தது. கோச்சடையில் அவர் கட்டும் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை விடியலில் தலைவாசல் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. இன்று புதன். நிலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டுக் கதவு, ஜன்னல் அத்தனையும் இவனுக்கு. முன்பு சம்பளத்துக்கு இருந்த பட்டறையை முதலாளி மூடிய பிறகு கைக்கு வந்த ஒரே பெரிய வேலை.

திங்களன்று கண்டென்சரை மாற்றினான். செவ்வாயன்று பேரிங்கைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்தான். சுவிட்சுக்குள் அடைந்திருந்த தூளையும் தட்டினான். இன்று காலையில் மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு மெக்கானிக் சிவபாண்டியிடம் போனான். அங்கே அது பம்பரமாகச் சுற்றியது.

"மோட்டார்ல ஒரு கொறையும் இல்லண்ணே. வீட்டுக் கரண்டப் பாருங்க."

வீட்டில் மாட்டினால் மறுபடி முனகல். மனைவி பாண்டீஸ்வரி வாசலில் நின்றாள்.

"ஞாயித்துக்கெழமையே சொன்னேன்ல, மாவு கிரைண்டரும் இப்பிடித்தான் மொனங்குதுன்னு. காதுல வாங்குனீங்களா?"

வாங்கவில்லைதான். கிரைண்டரும் ரம்பமும் ஒன்றா என்று அன்றைக்குச் சிரித்திருந்தான். போன வாரம்தான் பக்கத்தில் தண்ணீர் கேன் கம்பெனி ஆரம்பித்து, பெரிய மோட்டார் இரண்டு ராவும் பகலும் ஓடின. அன்றிலிருந்து வோல்டேஜ் இறங்கி, தெரு பல்பெல்லாம் மஞ்சளாகத்தான் எரிந்தன. மூன்று நாளை வீணாக்கிய தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

"கரண்ட் ஆபீஸ்ல போயிச் சொல்லுங்க."

"வர்றவன் மொதல்ல இந்த ரம்பத்தத்தான பாப்பான்? வீட்டு லைன்ல பட்டறையா நடத்துறன்னு பீஸ் கட்டயப் புடுங்கிட்டுப் போயிருவான்."



வியாழக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் பழைய வித்தை ஒன்றில் இறங்கினான். வோல்டேஜ் குறைந்தால் பெல்ட்டைக் கையால் சுற்றிவிட்டு சுவிட்சைப் போடுவது அவன் இருந்த பட்டறையில் வழக்கம். இவன் இழுத்தான், பாண்டீஸ்வரி சுவிட்சைப் போட்டாள். ரம்பம் சுற்றியது. இருவரும் சிரித்தேவிட்டார்கள். நிலைக்கால் அறுக்க, ஏழடிக் கட்டையைப் பென்சில் கோட்டோடு சேர்த்துத் தள்ளினான். பாதியில் சத்தம் இறங்கியது. விட்டால் மறுபடி கிளம்பாது என்று பயந்து, நிறுத்தாமல் அழுத்தினான். வார்னிஷ் கருகும் வாடை வந்தது, பிறகு புகை. அவள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னங்க ஆச்சு?"

"காயில் போச்சு."

கைரம்பத்தை எடுத்து வேறொரு கட்டையில் இறங்கினான். சாயங்காலம் வரை அறுத்தும் ஒரு நிலைக்கால்கூட முடியவில்லை, தோள்தான் கழன்றது. பிறகு நல்லகாமனுக்குப் போன் போட்டான். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"முகூர்த்தத்த மாத்த முடியுமாப்பா? ரெடிமேடா ஒரு நெல எடுத்துக்கிறேன். கதவு, ஜன்னலும் அந்தக் கடையிலயே வாங்கிக்கிறேன். நீ காலைல வந்துரு. மரவேலைக்காரன் கை படாம நெல ஏத்தக் கூடாதுல்ல. அப்பிடியே கட்டையவும் கொண்டாந்துரு."

"வாரேண்ணே."

விடியலில் கோச்சடையில் நவதானியம் போட்ட குழியில் கடையில் வாங்கிய நிலை நின்றது. ஜெயபாண்டி தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, சந்தனம் வைத்து, முதல் ஆளாகத் தொட்டுக் கும்பிட்டான். அவன் தோளில் நல்லகாமன் புதுத் துண்டு போட்டார். 

"சாயாம முட்டுக் குடுக்கணும். நீளக் கட்ட ஏதும் கெடக்கா?" என்றார் கொத்தனார்.

"இந்தாருக்குல்ல வேம்பு. அதுல ஒன்ன எடுத்துக் குடுப்பா" என்றார் நல்லகாமன்.

ஜெயபாண்டி பாதி அறுத்த கட்டையை எடுத்து, நிலைக்குச் சாய்த்து முட்டுக் கொடுத்தான். ரம்பம் நின்ற இடத்தில் மரம் கருகியிருந்தது. அதற்குமேல் அவன் போட்ட பென்சில் கோடு உச்சிவரை போயிருந்தது.