பாலம் கட்டப் போன அணில்

அக்கா சண்டை போடத்தான் கிளம்பினாள். செத்து மண்ணாகிப் போனவரோடு என்ன சண்டை என்று தம்பி கேட்டதற்கு, "வாரிசுன்னு யாராவது மாட்டாமலா போவாங்க?" என்றாள்.

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி லாரி மெக்கானிக். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வெள்ளைக்காரன் ரயில் பாலம் கட்டியபோது வேலைக்குப் போனார். உத்தரத்துக்கு உத்தரம் தாவியதால் அணில் என்று பட்டப்பெயர். போனவர் போனவர்தான். கைக்குழந்தையோடு நின்ற கொள்ளுப்பாட்டி கல் உடைத்துப் பிள்ளையை ஆளாக்கினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாலும், "பாலம் கட்டவா போறே?" என்றுதான் கேட்பார்கள்.

பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தம்பி டீக்கடையில் தயங்கித் தயங்கி விசாரித்தான். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "அணில் வீடா? வளைவுல இருக்கிற இஸ்திரிக் கடைதான்."

அங்கே ஒரு பெண்மணி சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் அதே நெற்றி, அதே விடைத்த காது. வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவில் பாதி மறந்துபோனது.

"உங்க அணில், எங்க கொள்ளுப்பாட்டியை நட்டாத்துல விட்டுட்டு வந்தவரு" என்றாள்.

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவங்க... உயிரோடவா இருந்தாங்க?"

"பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் போனாங்க!"

இஸ்திரிக்காரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் விஷக்காய்ச்சல் பரவி, பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று மேஸ்திரி வந்து சொன்னாராம். ஆள் ஊர் திரும்பாமல் வேலையில் நிற்கட்டும் என்று சொன்ன பொய்யோ, கேட்டதில் வந்த பிழையோ, யார் கண்டது? அன்றைக்கு அணில் பொழுது சாயும்வரை உத்தரத்தை விட்டு இறங்கவே இல்லையாம்.

"ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமே" என்றாள் அக்கா.

"பாத்திருக்கலாம்தான். வெறும் வீட்டைப் பாக்கத் தெம்பில்லைன்னு சொல்லிட்டே இருப்பாராம். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் இங்க கல்யாணம். மக பொறந்ததும் மூத்த சம்சாரத்தோட பேரையே வெச்சாரு. அந்த மகதான் எங்க தாத்தாவோட அக்கா. அவங்களுக்கு அப்புறம் அந்தப் பேரு எனக்கு."

அக்கா சொன்னாள், "எனக்கும் அதே பேருதான்."

தம்பி பாலத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

இஸ்திரிக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபது."

"எனக்கு அறுபத்திமூணு. அப்போ நீ எனக்குத் தங்கச்சி. மசமசன்னு நிக்காம உள்ள வந்து கை கழுவு. தம்பியையும் கூப்பிடு, சாப்பிடலாம்."

பிறந்ததிலிருந்து மூத்தவளாகவே இருந்து எல்லோரையும் அதட்டியே பழகியவள், வாசலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு, "சரிக்கா" என்று உள்ளே போனாள்.