மோதிர விரல் அழுத இடம்

கூடப் பிறந்தவள் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக்கொண்டு யாரும் என்னிடம் வரவும் வேண்டாம்.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய் அசாமில் இரண்டு வருஷம் கிடந்தேன். அங்கேதான் ஹென்ரி என்ற கறுப்பு அமெரிக்கச் சிப்பாய் எனக்குக் கிடாரில் புளூஸ் என்கிற அவர்கள் சனத்தின் அழுகைப் பாட்டை வாசிக்கக் காட்டினான். தந்தியை அழுத்திய விரலாலேயே அதை மேலே தள்ளினால் சுரம் ஏறும். அங்கேயே பிடித்து மணிக்கட்டை அசைத்தால் விம்மும். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் கிடார் பதில் சொல்ல வேண்டும், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். லாரியை முன்னால் நின்று சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் திருப்பி அடித்ததில் என் மோதிர விரல் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அதனால் சுரம் முக்கால்வாசி ஏறி, நடுங்கி நின்றுவிடும். எனக்கு வெட்கமாக இருக்கும். அதுதான் உன் குரல், திருத்தித் தொலைக்காதே என்றான் ஹென்ரி. ஊருக்குக் கப்பல் ஏறும்போது கிடாரையும் எனக்கே கொடுத்துவிட்டான்.

வெண்ணந்தூருக்குத் திரும்பி வந்து, சேலத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். தங்கை சௌந்திரத்தின் புருஷன் மயில்சாமி அங்கே ஆர்மோனியம் வாசித்தான். மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்பதா? எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நல்ல விரலை வைத்துக்கொண்டு அந்த முக்கால் சுரத்தையும் அப்படியே பிடித்தான். முழுசாக ஏற்றுங்கள் மாப்பிள்ளை என்றால் சிரிப்பான்.

நாடகம் பார்க்க வந்த மதராஸ் கிராமபோன் பிளேட்டுக் கம்பெனிக்காரர், கிடாருக்கு ஒரு ஆள் வேண்டும், கடிதம் போடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வாசிப்பு ஒரே ஒரு பிளேட்டில் ஏற வேண்டும், அது கடல் தாண்டி ஹென்ரி காதில் விழ வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துச் சொன்னவன் மயில்சாமி. அடுத்த வாரம் ரயில் என்றான். அதற்குள் பிள்ளைக்குக் காது குத்திவிடலாம் என்று சௌந்திரம் நாள் வைத்தாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? ஜேடர்பாளையத்துக் கோயிலில் தலையில் உருமால் கட்டிக்கொண்டு, மருமகனை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். காது குத்தி, பந்தியும் எடுத்தாயிற்று. குளிக்கப் போனவன் வரவில்லை. கடிதத்தில் இருந்த நாளே அதுதான்; எனக்குப் பதிலாக அவன் என் கிடாரோடு சேலத்தில் ரயில் ஏறியிருந்தான்.

தெரிந்துதான் நாள் வைத்தாயா என்று கேட்டேன்.

"ஆமாங்கண்ணா. நீங்க ஒண்டிக்கட்டைங்க. எனக்குப் புள்ளை இருக்குதுங்க."

காது குத்தியது மருமகனுக்கா மாமனுக்கா என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும். ஊரா எனக்குத் துரோகம் செய்தது?

ஆறு மாதம் கழித்து ராசிபுரத்துக் காப்பிக் கடையில் அந்தப் பிளேட்டைக் கேட்டேன். பாட்டு மூச்சு வாங்கிய இடத்தில் கிடார் முக்கால் ஏறி நடுங்கியது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மயில்சாமி என்னமாய் அழ வைக்கிறான் என்றார் பக்கத்தில் இருந்தவர். அழுதது என் முறிந்த விரல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் சௌந்திரம் பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள். இரண்டாவது பிளேட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். என் கையைப் பார்க்காமல் வாசித்து வாசித்து, மயில்சாமியின் விரல் சுரத்தை முழுசாகவே ஏற்றிவிடுகிறதாம். அந்த அழுகை வரமாட்டேன் என்கிறதாம்.

"ஒருக்கா வந்து கையக் காட்டுங்கண்ணா. கும்புட்டுக் கேக்கறேனுங்க."

பிள்ளை அதற்குள் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். காதில் நான் போட்ட கடுக்கன். அவனை இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

"லாரி ஹேண்டில்ல வெரலக் குடுத்து ஒடச்சுக்கிட்டு வரச் சொல்லு, அம்மிணி. அப்பறம் காட்டறேன்."

அவள் அழுதாள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.