அறுபத்தைந்து கிலோவுக்குள்

கிடங்கில் அவளை எல்லோரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுப் பெட்டி தூக்க வந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் பெருமை ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் வயிறு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

பதினோரு மாத டெம்பரரி வேலை மூன்று தடவை பார்த்தாயிற்று. இந்த முறை நிரந்தரத்துக்கான பட்டியலில் பெயர் வந்திருந்தது. சோதனை இரண்டே இரண்டு. முதலில் எடை. அவள் உயரத்துக்கு அறுபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் தேறினால் இருபது கிலோ பெட்டியைத் தரையிலிருந்து நெஞ்சு உயரத் தட்டில் பத்து முறை ஏற்ற வேண்டும். கை தவறிக் கீழே விட்டால் போச்சு. அப்போது அவள் எழுபத்தொன்பது கிலோ. கையில் நான்கு மாதம்.

அவள் அம்மா இதே கிடங்கில் பத்தொன்பது வருஷம் டெம்பரரியாகவே தூக்கித் தூக்கிக் கர்ப்பப்பை இறங்கிப் போனவள். ஆபரேஷனுக்கு லீவு கேட்டபோது, “உடம்பு தேறினதும் வாம்மா” என்றார்கள். தேறிப் போனவளைக் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். நிரந்தர ஆளென்றால் மூன்று மாதம் சம்பளத்தோடு படுத்திருக்கலாம். டிகிரிக்கு வேண்டியதும் அதுதான். படுக்க வேண்டிய நாளில் படுப்பதற்கு ஓர் உரிமை.

முதல் எடை பார்த்த நர்ஸ் ஒழுங்காகத்தான் சொன்னாள். “ஓடுங்க, நல்லது. ஆனா வெறும் ஓட்டத்துல கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சிடும். வாரத்துல மூணு நாள் வெயிட்டும் தூக்குங்க. முட்டை, பயறுன்னு வயித்துக்கு ஏதாவது போடுங்க.”

“பொழுது விடிஞ்சா பொழுது போனா நான் அதைத்தானே சிஸ்டர் தூக்குறேன்.”

“அப்ப அதை விட்டுடாதீங்க.”

அதைத்தான் விட்டாள். காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் கால் இரண்டும் இரும்பாய்க் கனத்தன. அந்தக் காலோடு எட்டு மணி நேரம் வண்டியிலிருந்து சரக்கு இறக்கினால் மறுநாள் ஓட முடியவில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லேபிள் ஒட்டும் மேஜைக்கு மாறிக்கொண்டாள். உட்கார்ந்த வேலை. கிடங்கில் நிரந்தரத்துக்கு எடை குறைக்கிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான் லேபிள் மேஜைக்கு அடித்துக்கொள்வார்கள். அவளுக்குக் கிடைத்தது. புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். எடை மளமளவென்று இறங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கிடங்கில் நாலு பேர் “சூப்பரா ஆயிட்ட” என்றார்கள்.

கிரேன் அக்கா மட்டும் சொல்லவில்லை. தொண்ணூறு கிலோ உடம்பு. முப்பது கிலோ பெட்டியைத் தலையணை மாதிரி தூக்கி வைப்பாள்.

“காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே டிகிரி. மடியில ரெண்டு கல்லைக் கட்டிக்க.”

“உனக்குப் பொறாமைக்கா.”

“ஆமாண்டி. எட்டு வருஷமா அந்த எடை மெஷினைத் தாண்டி என்னைப் பெட்டிகிட்டயே விடல. பொறாமைப்படக்கூடவா பர்மிஷன் வாங்கணும்?”

ஒருநாள் மேஜையிலிருந்து ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. குனிந்து தூக்கினாள். முட்டி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தூக்கினாள். பார்த்துக்கொண்டே நின்ற கிரேன் அக்கா இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. “பதினஞ்சு கிலோடி அது” என்றாள், மெதுவாக.

அன்று மாலையே இரண்டு பத்து லிட்டர் கேன்களில் தண்ணீர் நிரப்பி அறைக்குள் வைத்துக்கொண்டு தூக்க ஆரம்பித்தாள். முதுகும் தொடையும் விண்விண்ணென்று தெறித்தன. இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு எடை பார்த்தாள். அறுபத்தேழு இருந்தது அறுபத்தேழே முக்கால் ஆகியிருந்தது.

பழகாத சதையை வேலை வாங்கினால் உடம்பு கொஞ்ச நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கொழுப்பு இல்லை. அந்த வாரம்கூட அவள் பேன்ட் இன்னும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. கணக்குப் படித்தவள் மெஷினில் தெரிந்த எண்ணை நம்பினாளே தவிர, இடுப்பை நம்பவில்லை. இன்னும் ஆறு வாரம்தான். எடையில் தவறினால் பெட்டி வரைக்கும் போகவே முடியாதே. இரண்டு கேனையும் சாக்கடையில் கவிழ்த்தாள். மாலையிலும் ஓட ஆரம்பித்தாள்.

சோதனை அன்று மெஷின் அறுபத்து நாலே கால் காட்டியது. அதிகாரி தலையாட்டினார்.

பெட்டியிடம் போனாள். நாலு முறை ஏறியது. ஐந்தில் பெட்டியைத் தொடையில் ஒரு கணம் தாங்கிக்கொண்டு ஏற்றினாள். ஏழாவது தடவை வயிற்றில் முட்டுக் கொடுத்து உந்தி ஏற்றினாள். எட்டாவது தடவை பெட்டி தட்டின் விளிம்பில் இடித்து நின்றது. இன்னும் நாலு விரற்கடை. அவள் தள்ளினாள். தோளில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன.

“அடுத்த வருஷம் பாருங்க” என்று அதிகாரி படிவத்தை நீட்டினார். ‘இருபது கிலோ தூக்கும் உடல் தகுதி இல்லை.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே சூப்பர்வைசர் காத்திருந்தான். “லேபிள் மேஜைக்கு நிரந்தர ஆள் போடுறாங்க. நாளையிலேர்ந்து நீ வண்டி இறக்கப் போயிடு.”

“இருபது கிலோ தூக்கத் தகுதி இல்லைன்னு இப்பதானே சார் கையெழுத்து வாங்கினாங்க.”

“அது நிரந்தரத்துக்கும்மா. நீ டெம்பரரிதானே.” அவன் கேலி செய்யவில்லை. அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

காறித் துப்பலாம் போல் இருந்தது. வாய் வறண்டு கிடந்தது. “சரி சார்” என்றாள்.

வீட்டில் அவள் வந்து உட்கார்ந்த விதமே அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“எந்தப் பக்கம் போட்டிருக்கான்?”

“வண்டி இறக்க.”

அம்மா எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டில் துழாவி, வேலைக்குப் போன காலத்தில் வயிற்றைச் சுற்றிக் கட்டிய அகலப் பட்டையை எடுத்து வந்தாள். வியர்வை உப்புப் பூத்து விறைத்திருந்தது. மகளை நிறுத்தி வைத்துச் சுற்றினாள். கடைசிக் கொக்கியில் மாட்டியும் தொளதொளவென்று நழுவி இடுப்பெலும்பில் போய் நின்றது.

“இப்படி இருந்தா தாங்காதுடி, அடிவயிறு இறங்கிடும்” என்று சொல்லிவிட்டு, அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, நாலு விரற்கடை பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.