அக்கா மகளுக்கு முதல் ஊசி

என் அக்கா நர்ஸ். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் உடம்பில் ஊசி ஏற்றிய கை அவளுடையது. நான் பள்ளிக்கூடச் சீருடை தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அக்கா ஊசி காட்டினால் அழுவார்கள், தங்கச்சி ஊசி காட்டினால் சிரிப்பார்கள் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அப்போதெல்லாம் அந்தக் கேலி எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவோடு சேர்த்து என்னையும் ஒரு ஆளாக மதிக்கிறார்களே என்று.

அக்காவுக்கு ஒரே மகள். பதிமூன்று வயதாகியும் அவளை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் ஒரே மகள். அதே வகுப்பு. அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தது வகுப்பு டீச்சர். பொருத்தமான பெயர் என்பதால் நானும் மாற்றவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பள்ளிக்கூடத்திலேயே போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் தையல் கடையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாம் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்கக் கூச்சம். என் கடை என்றால் பிரித்துத் தைக்க ஒரு பாவாடையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து கேட்கலாம்.

பக்கத்துக் கடை பேக்கரிக்காரிதான் அதிகம் பயந்தாள்.

"அக்கா, இதப் போட்டா பின்னால புள்ள தங்காதாமே?"

"யாரு சொன்னா?"

"போன்ல வந்துச்சு."

"போன்ல வர்றதப் பாத்துத்தான் நீ ரொட்டி சுடுறியா?"

சிரித்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அது மட்டும் இல்லக்கா. இது அந்த மாதிரி பழக்கத்தால வர்ற நோயாமே. என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க அம்மா எங்க அப்பாவத் தவிர ஒரு ஆம்பளைய நிமிர்ந்து பாத்ததில்ல. இந்த நோயிலதான் போனா. அவ எப்படிப்பட்டவ? சொல்லு."

அவள் முகம் வாடிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க அக்கா அவங்க பொண்ணுக்குப் போடுவாங்களா?" என்றாள்.

"அவ பொண்ணுக்குத்தான் முதல்ல" என்றேன்.

அதை நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அக்கா வேலை செய்யும் முறையே அதுதான். எந்த முகாமாக இருந்தாலும் முதல் ஆள் அவள் மகள். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது சொட்டு மருந்துக்கும் அப்படித்தான். நூறு தடவை விளக்குவதைவிடப் பெற்ற பிள்ளையை ஒரு தடவை முன்னால் நிறுத்தினால் போதும் என்பாள். அது உண்மைதான். அதைப் பார்த்தபின் யாரும் கேள்வி கேட்டதில்லை.

முகாம் அன்றைக்குப் பள்ளிக்கூடக் கூடத்தில் அக்கா பேசினாள். அம்மா எப்படி வலியை வெளியே சொல்லாமல் மென்று முழுங்கினாள், சொன்னபோது எப்படிக் காலம் கடந்துவிட்டது என்று சொன்னாள். நானும் அழுதேன், பேக்கரிக்காரியும் அழுதாள். பிறகு அக்கா பாப்பாவைக் கூப்பிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எல்லார் கண் முன்னாலும் ஊசி போட்டாள். அவளுக்கு அடுத்து என் வாலு. வரிசை வாசல்வரை நீண்டது. வர மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்ட பிள்ளைகள்கூட நின்றார்கள். என் வாயை நம்பி வந்த தாய்மார்களைப் பார்த்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இரண்டு நாள் கழித்துப் புதுச் சீருடைக்கு அளவெடுக்கப் பிள்ளைகள் வந்தார்கள். இடது கையைச் சுற்றி டேப்பை வைத்தாலே ஒவ்வொருத்தியும் "ஆ" என்று நெளிந்தாள். பேக்கரிக்காரி மகள் என்னை அடிக்காத குறை. வாலு முதல் நாள் இரவு முழுக்க வலது பக்கமாகவே படுத்துக் கிடந்தாள். பாப்பா வந்தாள். நான் மெதுவாக டேப்பைச் சுற்றினேன். அவள் பாட்டுக்குக் கையை முறுக்கிக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வலிக்கலையாடி?"

"இல்லையே சித்தி."

சிலருக்கு வலிக்காது என்று அக்காவே சொல்லியிருந்தாள். அதோடு விட்டிருப்பேன். பாப்பாதான் விடவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா எனக்கு மட்டும் வலிக்காத மாதிரி போட்டாங்க. காலையில வீட்லயே எடுத்து வெச்சுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாத, எல்லாப் பிள்ளைங்களும் அதக் கேப்பாங்கன்னாங்க."

"வீட்ல எதுல இருந்துடி எடுத்தாங்க?"

"அதான், புண்ணு கழுவுவாங்களே, அந்தப் பிளாஸ்டிக் பாட்டில்."

என் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது. அந்த பாட்டிலை எனக்குத் தெரியும். மெஷின் ஊசி என் விரலில் ஏறியபோது அக்கா அதை வைத்துத்தான் கழுவிவிட்டாள். வெறும் உப்புத் தண்ணீர். முகாமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, தூக்கிக் காட்டி, மருந்தை இழுத்தாள். பாப்பாவுக்கு மட்டும் தட்டில் ஊசி தயாராக இருந்தது. நானும் பார்த்தேன். முதல் ஆள் என்பதால் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அக்காவை யார் சந்தேகப்படுவார்கள்?

கடையைச் சாத்திவிட்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஊசி போடும் அறையில் அக்கா பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"பாப்பாவுக்கு நீ என்னத்தப் போட்ட?"

"யாரு சொன்னா?"

போட்டது மருந்துதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன். யார் சொன்னது என்று கேட்டாளே, அதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்போ அது கெட்ட மருந்தா?"

"பைத்தியம் மாதிரி பேசாத. நல்ல மருந்து. நான் மேடையில சொன்னதுல ஒரு எழுத்து பொய் கிடையாது."

"நல்ல மருந்துன்னா உன் பொண்ணுக்கு ஏன் போடல? கெட்ட மருந்துன்னா என் பொண்ணுக்கு ஏன் போட்ட?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கை பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

"ஊசி போட்டதும் ஒரு பொண்ணு மயங்கி விழுற வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"பயத்துல விழுந்துச்சுன்னு நீதான சொன்ன? அத நான் ஊரெல்லாம் சொன்னேனே."

"பயந்தான். எனக்குத் தெரியாதா? ஆனா பாப்பாவ நெனச்சா கை வரலடி. ஒத்தப் பொண்ணு எனக்கு."

"எனக்கு என்ன ஒரு டஜனா இருக்கு?"

அவள் யாரிடமோ சாதாரணமாகக் கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். "கொஞ்ச காலம் போகட்டும்னு நெனச்சேன். இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலன்னா, அப்புறமா அவளுக்குப் போட்டுக்கலாம்னு."

இந்தப் பிள்ளைகள் என்றால் யார்? அதில் என் வாலுவும் உண்டு. அக்காவின் மடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள். பெரியம்மா போட்டால் வலிக்காது என்று சொல்லிக்கொண்டு போய் நின்றவள். என் மகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத் தன் மகளுக்குப் போடலாம் என்று என் கூடப் பிறந்தவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

"ஆறு மாசம் கழிச்சுப் போடற ரெண்டாவது ஊசிக்கு எல்லார் முன்னாடியும் அந்த ஐஸ் பெட்டியில இருந்து எடுத்துப் பாப்பாவுக்குப் போடற. இல்லன்னா நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"சொல்லு. சொன்னா ஒரு பிள்ளையாவது ரெண்டாவது ஊசிக்கு வருமா? அம்மா பட்ட பாடு இன்னும் நாலு பேர் படட்டும்னு நெனச்சா, போய்ச் சொல்லு."

எங்கே குத்தினால் எனக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊசி போடுகிறவள் அல்லவா. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மேல சத்தியமா அடுத்த தடவ போட்டுடறேன்டி" என்று அழுதாள். செத்துப்போன அம்மாவின் மேல் சத்தியம் செய்தால் யார்தான் நம்ப மாட்டார்கள். நானும் நம்பினேன்.

ஆனாலும் வேறு ஒருவர் வாயால் கேட்டால்தான் எனக்கு ஆறும்போல் இருந்தது. ஒரு நாள் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அங்கேயுள்ள டாக்டரம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். "உங்க பிள்ளைக்கு இதப் போட்டீங்களா?"

"எனக்குப் பையன்தான். அவனுக்கே போட்டுட்டேன். பசங்களும் போட்டுக்கலாம்" என்றார். என்னென்ன தொந்தரவு வரும், எது வராது என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் வாலு குதித்தாள். "அதான நான் அப்பவே கேட்டேன், பசங்களுக்கு ஏன் போடலன்னு? வலி மட்டும் எங்களுக்கா?" ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சிரித்தேன். இரண்டாவது ஊசியையும் போடுவது என்று முடிவு செய்தேன். டாக்டரம்மா சொன்னதை நம்பினேன். இருந்தாலும், வாலு தலை வலிக்கிறது என்றால்கூட, முன்பு சும்மா இருந்த நான், இப்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தது மருந்தல்ல, என் அக்கா.

இடையில் பேக்கரிக்காரி கடைக்கு வந்து ஒரு தடவை கேட்டாள். "அக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ணலையே? நல்லாத்தான இருக்கா? அவளப் பாத்துத்தான் நான் தைரியமா இருக்கேன்."

நான் மெஷினை வேகமாக ஓட்டினேன். "நல்லா இருக்கா" என்றேன். அது பொய்யில்லை. உப்புத் தண்ணீர் யாரை என்ன செய்யும்?

ஆறு மாதம் கழித்து இரண்டாவது முகாம். அதே கூடம். முன் வரிசையில் பிள்ளைகள், பின்னால் நாங்கள். பேக்கரிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பாப்பாவைத் தேடினேன். வரிசையில் இல்லை. வாசலில் இல்லை. அக்கா ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தாள். நான் எழுந்து அவளிடம் போனேன்.

"பாப்பா எங்க?"

"காய்ச்சல். வீட்ல படுத்திருக்கா. காய்ச்சல்ல போடக் கூடாது" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பெட்டியின் மூடியைப் பார்த்தாள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் பாப்பா என் கடை வாசலில் வாலுவோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். சத்தியமும் போச்சு, அம்மாவும் போனாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது என்ன செய்வாய்? முதல் ஆள் இல்லாமல் எப்படித் தொடங்குவாய்? மாட்டிக்கொண்டாய் என்று என் மனம் கொக்கரித்தது. வந்து உட்கார்ந்தேன்.

அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"போன தடவ என் பொண்ணுக்கு முதல்ல போட்டேன். இன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்ல. அதனால என்ன? என் தங்கச்சி பொண்ணு இருக்கா. நான் பெறல, அவ்வளவுதான். அவளும் எனக்குப் பொண்ணுதான். வாலு, வாடா கண்ணு."

கூடமே கைதட்டியது. வாலு எழுந்து ஓடினாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியம்மாவின் பக்கத்தில் நின்று சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று தேடினாள்.

எழுந்து நின்று கத்தியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன் வரிசையில் பேக்கரிக்காரி மகள் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அவளுக்கு அடுத்து இன்னொருத்தி, அதற்கடுத்து இன்னொருத்தி. நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை சட்டைக் கைகளும் இறங்கிவிடும். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள்.

குப்பியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தாள். தூக்கிக் காட்டினாள். மருந்தை இழுத்தாள். என் மகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் போட்டாள்.

பேக்கரிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க அக்காவுக்கு உங்க பொண்ணு மேல எவ்வளவு உயிர் பாருங்க."

"ஆமா" என்றேன்.

வாலு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து என் மடியில் சாய்ந்தாள். "பாத்தியாம்மா, என்னத்தான் முதல்ல கூப்பிட்டாங்க" என்றாள். பிறகு ஏதோ யோசித்தவளின் முகம் சுருங்கிப்போனது. "பாவம்மா பாப்பா. அவளுக்கு இன்னும் ஒரு ஊசிதான ஆகியிருக்கு. நம்ம பாட்டிக்கு வந்தது அவளுக்கு வந்துடாதுல்ல?"

மேடையிலிருந்து அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "பெரியம்மா பாத்துப்பாங்க" என்றேன்.