ஸ்டக்கியிடம் ஒரு வார்த்தை

அம்மாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் காலை, பக்கத்து வீட்டு மிஸ்டர் ஸ்டக்கி எங்கள் புல்தரையில் உரம் தூவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பனி ஈரம் இன்னும் காயவில்லை. நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் தன் வீட்டு வாசலில் மடித்து வைத்திருந்த காலிப் பையில் ஒரு பூவின் படம், அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. புல்லுக்கு உரமும் களைக்கு விஷமும் ஒன்றாகக் கலந்த மருந்து. அது என்னவென்று எனக்குத் தெரியும். கதவு என்னிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் கண்ணாடிப் பாத்திரங்களில் சீஸும் கோழியும் போட்டுச் சுட்டுக் கொண்டுவருவார்கள். ஆண்கள் கேட்காமலே அந்த வீட்டுப் புல்லைப் பார்த்துக்கொள்வார்கள். ஸ்டக்கிக்கு எழுபத்தொரு வயது. தொப்பியைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகியிருந்தார். அம்மாவின் மடக்கு நாற்காலி மேப்பிள் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதனருகே வந்ததும் கொஞ்ச நேரம் நின்றார். அதை நகர்த்தாமல் சுற்றிக்கொண்டு போனார்.

போன வருடம் ஏப்ரலில்தான் அம்மா அந்தத் தரை முழுக்க க்ளோவர் விதைத்தாள். இனி அதிக நாளில்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னதற்கு மறுவாரம். மூன்று இலையும் வெள்ளைப் பூவுமாகப் புல்லோடு புல்லாய்ப் படரும் செடி அது. உரம் கேட்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆனால் விதைத்த முதல் வருடம் பூக்காது. ஒரு கை விதைக்கு நாலு கை மணல் கலந்து, பத்தடிக்கு ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு தூவினாள். புல்வெட்டியின் உயரத்தை மேல்படியில் வைத்து, யாரும் இறக்கிவிடாதபடி கம்பியால் கட்டினாள்.

"உசரமா வெட்டினா போதும் டெல்லா. வெட்டினத வாரக்கூட வேணாம், அப்படியே கெடக்கட்டும், அதுவே உரம். வாரத்துக்கு ஒரு தடவ நல்லா ஊறத் தண்ணி விடு. உங்கப்பா அஞ்சு நாள் பட்டறையில சாகறாரு. நான் போனப்புறம் சனிக்கெழமையும் இந்தப் புல்லோட மாரடிக்க வேணாம்."

எங்கள் தெருவில் வேலி கிடையாது. ஸ்டக்கியின் புல் ஒட்ட வெட்டிய தலைமுடி மாதிரி நிற்கும் இடத்தில் அவர் நிலம் முடியும். கணுக்கால் உயரத்துக்கு எங்களுடையது தொடங்கும்.

"மார்லீன், உன் புல்லுல முயலுங்க குடும்பம் நடத்துது போல," என்பார் அவர்.

"வாடகை ஒழுங்கா வருது. நீங்க ஏன் வயிறெரியறீங்க?" என்பாள் அம்மா. அப்புறம் இருவரும் சிரிப்பார்கள். அவளுக்கு இருமல் வரும்வரை.

மார்ச் மாதம், படுக்கையை விட்டு எழ முடியாமல் ஆன பிறகு, அவள் என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள். "ஸ்டக்கிகிட்ட போயி ஒரு வார்த்த சொல்லிடு. அது களை இல்ல, நான் போட்டதுன்னு. மனுஷன் ரொம்ப நல்லவரு, நான் போனா மொதல்ல மருந்து வண்டியத்தான் எடுத்துட்டு வருவாரு."

அவர் வாசற்படி வரைக்கும் போனேன். உள்ளே டிவி சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது. பத்தாம் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடந்தவள் நான். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நின்றதாக எல்லோரும் நினைத்தார்கள். மணியை அழுத்தாமல் திரும்பி வந்தேன்.

"சொன்னியா கண்ணு?"

"சொல்லிட்டேன்மா."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல இல்ல?"

மருந்து போட்ட மூன்றாம் நாள் க்ளோவர் தண்டுகள் முறுக்கிக்கொண்டன. இரண்டு வாரத்தில் தரை முழுக்கப் பழுப்புத் திட்டுகள். ஞாயிற்றுக்கிழமை அப்பா காபிக் கோப்பையோடு வெளியே போனவர், அசையாமல் நின்றார்.

"அவன்கிட்ட சொல்லித்தான வச்சா உங்கம்மா? நீதான போய்ச் சொன்ன?"

"ம்."

அப்பா கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எல்லை வரைக்கும் நடந்தார். ஸ்டக்கி குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"சாகக் கெடந்தவ உனக்குச் சொல்லி அனுப்பினா! ஒரே ஒரு விஷயம்! அதக்கூட உன்னால ஞாபகம் வச்சுக்க முடியலையா?"

ஸ்டக்கி வாயைத் திறந்தார். பிறகு அப்பாவின் தோளுக்கு மேலாக, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மறந்துட்டேன் போலருக்கு ராய்ஸ்," என்றார். "வயசாகுது. மன்னிச்சிரு."

அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. சனிக்கிழமைகளில் அப்பா நாற்காலியை மட்டும் தொடாமல் சுற்றிலும் மண்ணைக் கீறினார், கடைப் புல்விதை போட்டார், தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டார். இருட்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து சாப்பிட்டார். முன்பெல்லாம் அவர் ஸ்டக்கியோடு படியில் உட்கார்ந்து பீர் குடிக்கும் நேரம் அது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பா மிச்சப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்டக்கி வாளியை வைத்துக்கொண்டு தக்காளிச் செடிக்குக் குனிந்திருந்தார். அப்பா நாற்காலியை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கிப் போய் அதைத் தூக்கினேன்.

அடியில், நாற்காலியின் அகலத்துக்கு, க்ளோவர் பச்சையாக அடர்ந்திருந்தது. வெள்ளைப் பூக்கள் வந்திருந்தன. அம்மா அவற்றைப் பார்த்ததில்லை.

"அப்பா," என்றேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"அப்பா!"

அவர் புல்வெட்டியின் பிடியை விட்டார். சத்தம் நின்றது. எல்லைக்கு அப்பால் ஸ்டக்கியும் நிமிர்ந்தார். சொல்ல வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை அசைத்தார்.

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி என் கையில் தொங்கியது. கீழே ஒரு தேனீ, அந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளேயே, பூ மாற்றி பூ உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது.