மீன் ஃப்ரீசருக்குள் வைக்காத குர்ஆன்

தண்ணி குடிச்ச புத்தகத்த வெயில்ல விரிச்சுப் போடுறவங்களக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். வெயிலுக்குத் தாள் சுருளும். பளபளப்புத் தாளெண்டா ஒண்டோடொண்டு ஒட்டிப் பலகையாயிரும், பிறகு ஆராலயும் பிரிக்க ஏலாது. போன நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தில்லையடியில வீடு வீடா நான் கத்தின கத்து இதுதான். ஸ்கூல் லைப்ரரிக்குப் பொறுப்பு நான். ஃபஹ்மியா டீச்சர் வாறாவெண்டா காய வெச்ச புத்தகத்த ஒளிப்பாங்க!

இடைக்கிடை வெயில் எறிச்சாலும் மழை விடல்ல, காஞ்ச மூலையெண்டு ஒண்டு எங்கயும் இல்ல. அந்த நேரத்துல ஈரப் புத்தகத்த உறைய வெச்சிரணும். உறைஞ்சா பூஞ்சணம் பிடிக்காது, தாளும் ஒட்டாது. மழை விட்ட பிறகு ஆறுதலா எடுத்து, தாள் தாளாப் பிரிச்சு, நிழல்ல காய வெக்கலாம். பெரிய ஃப்ரீசருக்கு எங்க போறது? கற்பிட்டியிலயிருந்து மீன் எடுத்து விக்கிற அன்ஸார் நானாட்டத்தான் இருந்திச்சு. கேட்ட உடனே மீன ஒரு பக்கம் தள்ளி இடம் தந்தாரு, நல்ல மனிசன். லைப்ரரிப் புத்தகமெல்லாம் பையில சுத்தி உள்ள போயிட்டு.

அண்டைக்குத்தான் பக்கத்து வீட்டு ஸக்கியா நனைஞ்ச குர்ஆன நெஞ்சோட அணைச்சிக்கொண்டு வந்தா. அவட ஒரே மகள் இனாஸ், வெள்ளத்துக்குள்ள மூடியில்லாத வடிகான் தெரியாம கால வெச்சு மௌத்தாப் போன புள்ள. கொப்பி, உடுப்பு, போட்டோ எல்லாத்தையும் தண்ணி கொண்டு போயிட்டு. மிஞ்சினது இனாஸ் பாடமாக்கின இந்தக் குர்ஆன் மட்டும்தான். ஓரமெல்லாம் பென்சிலால குட்டிக் குட்டியா எழுதியிருந்தா: "இங்க மூச்சு விடு", "இதுல எப்பவும் பிழை வருது".

"அவட கையெழுத்து வேணும் ராத்தா. வேற ஒண்டும் வேணாம்."

"பென்சில் தண்ணிக்கு அழியாது தங்கச்சி. கட்டாயம் தப்பும். தாங்க, இப்பவே ஃப்ரீசருக்கு அனுப்புவம்."

அவட முகம் மாறிட்டு. "மீனுக்குப் பக்கத்துலயா? அல்லாஹ்ட கலாமையா?"

"பைக்கு மேல பை சுத்துவம். மீன் படாது."

"மீன் ரத்தம் வடிஞ்ச பெட்டி ராத்தா. இனாஸ் கை கால் முகம் கழுவி வுளூ எடுக்காம இதத் தொட மாட்டா. நான் எப்பிடி அதுக்குள்ள வெப்பன்?"

கெஞ்சினன், ஏசினன். "ஒங்களுக்கென்ன பைத்தியமா?" எண்டும் கேட்டுட்டன். புள்ளயப் பறிகொடுத்தவக்கிட்ட கேக்கிற கேள்வியா அது? அவ கேக்கல்ல. வெள்ளத்துணியில சுத்தி, அத்தர் தடவி, வீட்டு அலுமாரிக்கு மேல வெச்சா.

மழை விட்டிச்சு. லைப்ரரி மேசையெல்லாம் ஃப்ரீசரால எடுத்த புத்தகம் காயுது, நான் தாள் பிரிச்சிக்கொண்டு இருக்கன், ஸக்கியா துணி முடிச்சோட வந்தா. அவிழ்த்தா கறுப்பும் பச்சையுமாப் பூஞ்சணம். பளபளப்புத் தாள் முழுக்க ஒரே கட்டி. மெல்லிய ஸ்கேல விட்டுப் பாத்தன். தாள் எழுத்தோட உரிஞ்சு கையில வந்திச்சு. புள்ளட பென்சில் எழுத்துல ஒரு சொல்லு முழுசா வரல்ல.

சொன்னனே, சொன்னனே எண்டு நாக்கு துடிச்சிச்சு.

"ராத்தா, மீன் பெட்டிக்குள்ள வெச்சிருந்தா தப்பியிருக்குமா?"

அவட கண்ணப் பாத்தன். "இல்ல தங்கச்சி," எண்டன். "இந்தத் தாள் அப்பிடி. எங்க வெச்சாலும் ஒட்டித்தான் இருக்கும்."

ஸக்கியா மேசையில காஞ்ச பெரிய அட்லஸ் ஒண்ட எடுத்து ஒரு தாளப் புரட்டினா. இன்னொண்டப் புரட்டினா. லேசாப் புரண்டிச்சு. பளபளப்ப விரலால தடவிப் பாத்தா.

"இதுவும் அதே தாள்தானே ராத்தா."

பாழாப்போன எண்ட வாய்க்கு ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல.

அவ அழல்ல. குர்ஆனத் திரும்பவும் துணியில சுத்தினா. "ஓத ஏலாமப் போன குர்ஆன மண்ணுல அடக்கத்தானே வேணும்? இனாஸ்ட கபுறுக்குப் பக்கத்துலயே அடக்கச் சொல்லுவமா?"

"ஓம், அப்பிடியே செய்வம் தங்கச்சி," எண்டன். அழுதது நான்தான்.